மீண்டும் பாசிக்குடாவுக்கு

கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்திலும் செருப்புகளுக்குக் காவலிருக்கும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது உம்மா. நாங்கள் தண்ணீரை நோக்கி ஓடியதும் அவர் பாயை விரித்து, சாப்பாட்டுப் பெட்டியையும் துவாய்களையும் பக்கத்தில் வைத்து, எல்லோருடைய செருப்புகளையும் சோடி சோடியாக அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால், "நான் சாமானெல்லாம் பாத்துக்கொள்றேன், நீங்க போங்கோ" என்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சிறு வயதில், மேற்குக் கரையில் ஓரிடத்தில், முழங்காலளவு தண்ணீரில் நின்ற உம்மாவை ஓர் அலை புரட்டி உள்ளே இழுத்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கையைப் பற்றித் தூக்கிவிட்டாராம். அன்றிலிருந்து கடல் அவருக்குப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் இரண்டாவது முறையாகப் பாசிக்குடாவுக்குப் போனோம். முதல் முறை போனபோது எனக்குப் பத்து வயது. அன்று அது எனக்கு "அலையில்லாத கடல்", அவ்வளவுதான். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. அதன் பிறகு ஏழு வருடங்களாக எந்தக் கடற்கரைக்குப் போனாலும் "பாசிக்குடா மாதிரி வராது" என்று சொல்லிச் சொல்லியே வீட்டாரைச் சலிப்படையச் செய்திருக்கிறேன்.

இம்முறை போகும்போது என்னிடம் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, உயர்தரப் புவியியல் வகுப்பில் எனக்குள் எழுந்த ஒரு கேள்வி. நம் தீவைச் சுற்றி இருப்பது ஒரே இந்து சமுத்திரம். அப்படியிருக்க, ஓரிடத்தில் ஆளைப் புரட்டும் கடல் இன்னோர் இடத்தில் கிண்ணத்துத் தண்ணீர் போல் கிடப்பது எப்படி? மற்றையது, ஒரு சிறிய துணிப்பை. அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரும் இடமும்

கண்டியிலிருந்து சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனானை என்று வழி கிழக்கு நோக்கி இறங்குகிறது. மலைகள் பின்தங்க, காடும் வயலும் மாறி மாறி வர, காற்றில் ஈரம் குறைந்துகொண்டே போவது வானின் யன்னலோரத்தில் இருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஓட்டமாவடியில் இறங்கிப் பள்ளிவாசலில் கைகால் கழுவி, பகலுணவும் வாங்கிக்கொண்டோம். வாழைச்சேனையைத் தாண்டினால் அடுத்தது கடல்தான். புகையிரதத்தில் வருவோர் மட்டக்களப்புப் பாதையில் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு குடாக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று கல்குடா, மற்றையது பாசிக்குடா. இரண்டு பெயர்களுமே தமிழில் தாமாகவே பொருள் சொல்லும் பெயர்கள். குடா என்றால் நிலத்துக்குள் வளைந்து வந்த கடல். ஒன்றுக்குக் கல் அடையாளம், மற்றையதற்குப் பாசி அடையாளம். இந்தப் "பாசி" என்ற சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனது கேள்விக்கான பதிலில் பாதி அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது.

அலை எங்கே களைத்துப் போகிறது?

அலை என்பது தண்ணீர் நம்மை நோக்கி ஓடி வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் ஆழ்கடலில் தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. முன்னால் நகர்ந்து வருவது சக்தி. ஒரு கயிற்றின் நுனியை உதறினால் கயிறு கையைவிட்டுப் போவதில்லை, ஆனால் நெளிவு மறுமுனை வரை போகிறதல்லவா, அதைப் போன்றது.

அந்தச் சக்தி கரையை நெருங்கும்போது கடலின் தரை அதைத் தடுக்கத் தொடங்குகிறது. அலையின் கீழ்ப்பகுதி தரையில் உரசி வேகம் குறைய, மேற்பகுதி உயர்ந்து முன்னோக்கிச் சரிகிறது. தண்ணீரின் ஆழம் ஏறத்தாழ அலையின் உயரத்தின் அளவுக்கு வந்ததும் அலை உடைந்து நுரையாகிறது. ஆகவே அலை எங்கே உடையும் என்பதைத் தீர்மானிப்பது கடலின் தரைதான். தரை செங்குத்தாக இறங்கும் கரைகளில் அலை முழுப் பலத்தோடு நம் காலடிக்கே வந்து உடைகிறது. உம்மாவைப் புரட்டியது அப்படியான ஓர் அலையாக இருந்திருக்கலாம்.

பாசிக்குடாவில் மூன்று விடயங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, குடாவின் வடிவம். இருபுறமும் நிலம் நீண்டிருப்பதால், வாயினூடாக நுழையும் அலை உள்ளே விரிந்து பரவுகிறது. ஒரு கிண்ணம் சோற்றைப் பெரிய சஹனில் பரப்பினால் உயரம் குறைவதைப் போல, பரவும் அலையின் உயரமும் குறைகிறது. இரண்டாவது, மணல் தரையின் மிக மெதுவான சரிவு. மூன்றாவது, குடாவின் முனைகளை அண்டிக் கடலுக்கடியில் இருக்கும் முருகைக் கற்பாறைகள். திறந்த கடலிலிருந்து வரும் அலை முதலில் மோதுவது இவற்றில்தான்.

முருகைக் கற்பாறை எவ்வளவு பலமான தடுப்பு என்பதற்கு ஓர் அளவும் உண்டு. உலகின் பல பகுதிகளில் பெறப்பட்ட தரவுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, முருகைக் கற்பாறைகள் அலையின் சக்தியில் சராசரியாக 97 வீதத்தைக் குறைக்கின்றன என்று காட்டியது. நூறு பங்கு பலத்தோடு வருவது கரையைத் தொடும்போது மூன்று பங்குதான். கரையில் மணல்வீடு கட்டும் சின்னப் பிள்ளைக்கு அந்த மூன்று பங்கு போதும்.

இன்னொன்றும் உண்டு. இலங்கையைச் சுற்றிலும் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. உயர்ந்தபட்சமாகவும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. சில நாடுகளில் காலையில் நடந்த இடம் மாலையில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகிவிடும். இங்கே காலையில் நின்ற இடத்தில் அஸருக்குப் பிறகும் நிற்கலாம்.

பாறைக்குள் ஓர் ஊர்

முதல் முறை போனபோது கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் வாப்பா எங்களை ஏற்றிப் போனார். "கல்லப் பாருங்கோ, கல்லப் பாருங்கோ" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். நானும் கல் என்றுதான் நினைத்தேன். நாம் சொல்லும் பெயரிலும் முருகைக்கல் என்று கல்தானே இருக்கிறது!

முருகை என்பது ஒரு பிராணி. குண்டூசித் தலையளவிலிருந்து சட்டைப் பொத்தானளவு வரையான மென்மையான உடலும், வாயும், அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட சிற்றுயிர் அது. ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஒட்டி வாழும் இவை கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தமக்குக் கீழே சுண்ணாம்பால் வீடு கட்டுகின்றன. ஒரு தலைமுறை மடிய, அடுத்த தலைமுறை அதன் மேல் கட்டுகிறது. திரண்ட உருண்டையாக வளரும் முருகை வகைகள் ஒரு வருடத்தில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. கால்பந்து அளவான ஒரு முருகை நம்மில் பலரைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்.

இவ்வளவு சிறிய உயிருக்கு இவ்வளவு கட்டுவதற்குச் சக்தி எங்கிருந்து கிடைக்கிறது? இங்கேதான் அந்தப் "பாசி" வருகிறது. முருகையின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, தான் ஆக்கும் உணவில் பெரும் பங்கை முருகைக்குக் கொடுக்கிறது. முருகை அதற்கு இருப்பிடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது. முருகையின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறம்தான். வாடகை கேட்காத வீட்டுக்காரரும் சமைத்துக் கொடுக்கும் குடியிருப்பாளரும் என்று எங்கள் ஆசிரியை சொன்னபோது வகுப்பே சிரித்தது.

முருகைகள் தெளிந்த, ஆழம் குறைந்த, வெப்பமான கடலில் செழிப்பதற்கும் இதுவே காரணம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். சமுத்திரத் தரையில் ஒரு வீதத்துக்கும் குறைவான பரப்பிலேயே முருகைக் கற்பாறைகள் இருக்கின்றன. ஆயினும் கடலுயிர் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏதோ ஒரு வகையில் அவற்றைச் சார்ந்து வாழ்கின்றன. சூறா அர்ரஹ்மானில் முத்துக்குப் பக்கத்தில் பவளமும் சொல்லப்பட்டிருப்பதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அது நகைக்கடைச் சாமான் என்ற நினைப்போடே ஓதியிருக்கிறேன். இப்போது அந்த இடம் வரும்போது எனக்குக் கடலுக்கடியில் ஓர் ஊரே தெரிகிறது.

கச்சான் வீசும் காலம்

"டிசம்பரில் போனோம், ஒரே மழை, கடலும் சரியில்லை" என்று பாசிக்குடா போய் ஏமாந்து வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிழை கடலில் இல்லை, நாட்காட்டியில்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்கின்றன. அந்தக் காற்று மத்திய மலைநாட்டில் மோதி, கொண்டுவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் வரண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்கில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். எங்கள் ஊரில் குடை பிடிக்க வைத்த அதே காற்றுத்தான் பாசிக்குடாவில் எங்கள் துவாயைப் பத்து நிமிடத்தில் காய வைத்தது. கச்சான் காற்றில் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருப்பதாகத் தம்பி சொன்ன பகிடிக்கு வாப்பா மட்டும் சிரித்தார்.

இந்தக் காற்று கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலைகளைக் கரைக்குத் தள்ளுவதில்லை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றின் முறை. அப்போது காற்று கடலிலிருந்து கிழக்குக் கரையை நோக்கி வரும், மழையும் வரும். ஆகவே ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்கு நல்லது; டிசம்பர் விடுமுறை முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும் நல்லது.

ஆனால் இதையும் அப்படியே சூத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே கிழக்குக் கரையில், அதே ஆகஸ்ட் மாதத்தில், பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். தெற்கேயுள்ள தூரத்துச் சமுத்திரத்திலிருந்து புறப்படும் நீண்ட அலைகள் அங்குள்ள நிலமுனையைச் சுற்றி வளைந்து வருவதே காரணம். ஒரே மாகாணம், ஒரே மாதம், இரண்டு வகையான கடல்! ஒரு கடற்கரையின் குணத்தைப் பக்கத்துக் கடற்கரையை வைத்துச் சொல்ல முடியாது. பாசிக்குடாவை அடுத்திருக்கும் கல்குடாவிலேயே கடல் கூடுதலாகத் திறந்திருப்பதால் கவனமும் கூடுதலாகத் தேவை.

உம்மா இறங்கிய நேரம்

கரையை அடைந்தபோது பகல் பதினொரு மணியைத் தாண்டியிருந்தது. முன்பு நான் பார்த்ததைவிட விடுதிகள் கூடியிருந்தன. யுத்தத்துக்கு முன்னரும் இங்கே விடுதிகள் இருந்தனவாம். யுத்த காலத்தில் பல வருடங்கள் வெளியூர் மக்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பிறகே குடாவைச் சுற்றி மீண்டும் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் தண்ணீர் மாறவில்லை. கரையோரம் இளம்பச்சை, கொஞ்சம் தள்ளி நீலப்பச்சை, அதற்கப்பால் கடும் நீலம். மீன்பிடிப் படகுகள் மணலில் ஓய்ந்து கிடந்தன.

உம்மா வழக்கம் போல் பாயை விரித்தார். செருப்புகளை அடுக்கினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே எழுதியவற்றையெல்லாம் சொன்னேன். அலை எங்கே உடைகிறது, எது அதைத் தடுக்கிறது, ஏன் இந்த மாதத்தில் காற்று மறுபக்கம் வீசுகிறது என்று விரலால் மணலில் கீறிக் காட்டினேன். பரீட்சைக்கு விடை எழுதுவதைப் போலத்தான் இருந்திருக்கும். உம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அப்ப அது வெளிய வச்சே அடிச்சி நிப்பாட்டுதா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார். "கைய உடப்படாது, சரியா?" என்று சொல்லி எழுந்தார்.

கணுக்கால் வரை போனார், நின்றார். முழங்கால் வரை போனார், நீண்ட நேரம் நின்றார். என் கையைப் பிடித்திருந்த அவரது கை இறுகியிருந்தது. அலை வந்தது. அலை என்று சொல்வதற்கே அதற்குத் தகுதியில்லை. நீரில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். அது முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. பிறகு உம்மா தானாகவே இரண்டு அடி முன்னால் வைத்து, மெதுவாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்தார். கழுத்து வரை தண்ணீர். கையின் பிடி தளர்ந்ததை நான் உணர்ந்தேன்.

"இவ்வளவு சூடா ஈக்கிதே கடல்!" என்று சிறுபிள்ளை போல் சொன்னார். அவருக்கு வயது 44. அன்று செருப்புகளுக்குக் காவலிருந்தவர் வாப்பா.

நம்மில் அநேகமான பெண்களுக்கு நீந்தத் தெரியாது. கற்றுக்கொள்ள இடமும் வசதியும் கிடைப்பது குறைவு. பெரும்பாலான கடற்கரைகளில் நமக்குக் கிடைப்பது கரை மட்டுமே, கடல் கிடைப்பதில்லை. நீந்தத் தெரியாத ஒருவருக்கும் கடலுக்குள் இருக்க இடம் கொடுப்பதுதான் பாசிக்குடாவின் பெருமை என்று எனக்கு அன்று விளங்கியது. அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பது குண்டூசித் தலையளவான உயிர்கள் என்பதும் விளங்கியது.

தடுப்பை உடைத்தால்

அந்தத் தடுப்பு இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதை நமது நாடே பார்த்திருக்கிறது. தென்மேற்குக் கரையில் நீண்ட காலமாக முருகைக்கற்களை உடைத்து, சூளையில் எரித்து, கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அது பலரின் வாழ்வாதாரமாக இருந்தது. கரை கடலுக்குள் போகத் தொடங்கிய பிறகே ஆபத்து விளங்கியது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வு தடை செய்யப்பட்டது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமியில் நம் நாட்டில் 30,000இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாசிக்குடா, கல்குடா உட்பட கிழக்குக் கரை முழுவதும் பேரழிவைச் சந்தித்தது. அவ்வளவு பெரிய பேரலையை முருகைக் கற்பாறையால் நிறுத்த முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சாதாரண அலைக்கும் சுனாமிக்கும் உள்ள வித்தியாசம் அப்படிப்பட்டது. சுனாமியின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரம் ஆழ்கடலில் நூறு கிலோமீற்றரையும் தாண்டும். கடல் திடீரென்று பின்வாங்கினால் பாறையை நம்பி நிற்காமல் உயரமான இடத்துக்கு ஓடுவதே வழி.

ஆனாலும் சுனாமிக்குப் பின்னர் தென்மேற்குக் கரையில் ஆய்வாளர்கள் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். முருகைக் கற்பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவைப் பகுதியில் தண்ணீர் உள்ளே வந்தது ஏறத்தாழ 50 மீற்றர். அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், முருகைக்கற்கள் பெருமளவு அகழப்பட்டிருந்த பெரலியவில் அது ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் உள்ளே வந்தது. கடலோரப் புகையிரதம் அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததும் அந்தப் பெரலியவில்தான். முருகைக்கல் எடுத்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. அன்றைய அடுப்புக்கு அரிசி தேடினார்கள். அதனால்தான் விளங்கிக்கொள்வது முக்கியமாகிறது.

வீட்டுக்குள் பாசி, வீட்டுக்கு மேல் பாசி

இன்று முருகையை அச்சுறுத்துவது உளியும் சுத்தியலும் மட்டுமல்ல. கடல்நீரின் வெப்பம் வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரங்கள் நீடித்தாலே முருகைக்கும் அதற்குள் இருக்கும் பாசிக்கும் இடையிலான உறவு குலைகிறது. முருகை பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெண்சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. இதை முருகை வெளிறல் என்பார்கள். வெளிறிய முருகை உடனே இறப்பதில்லை. கடல் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும், தாமதித்தால் முருகை பட்டினியால் இறந்துவிடும். 1998இலும் 2016இலும் இலங்கையின் முருகைகள் பரவலாக வெளிறின. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வகைப் பாசியும் உண்டு. கழிவுநீரும் உரமும் கடலில் சேரும்போது முருகைக்கு வெளியே வளரும் பாசி கொழுக்கிறது. அது முருகையை மூடி வெளிச்சத்தை மறைத்து மூச்சடைக்க வைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி உணவு தருகிறது, மேலே படரும் பாசி உயிரை எடுக்கிறது. வெளிப் பாசியை மேய்ந்து சுத்தம் செய்பவை கிளிமீன் போன்ற மீன்கள். கிளிமீன் தன் அலகு போன்ற வாயால் செத்த முருகையையும் சேர்த்துச் சுரண்டி, அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. முருகைக் கரைகளின் வெண்மணலில் ஒரு பகுதி இப்படி உண்டானது என்று சொன்னதும் தம்பி கையிலிருந்த மணலைக் கீழே போட்டுவிட்டான்!

நல்ல செய்தியும் உண்டு. பாசிக்குடாவுக்கு வடக்கே காயாங்கேணியில் முருகைகள் நிறைந்த கடற்பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

போக இருப்பவர்களுக்கு

இதை வாசித்துவிட்டுப் பாசிக்குடா போக நினைக்கும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்.

அமைதியான கடல் என்பதற்காகச் சிறுபிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஒரு பிள்ளை மூழ்குவதற்கு முழங்காலளவு தண்ணீரும் ஒரு சில நிமிடமும் போதும். பெரும்பாலும் சத்தமும் கேட்பதில்லை. மோட்டார்ப் படகு ஓடும் பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கும் பெண்கள் பாரமான அபாயாவைத் தவிர்த்து, உடலை மூடிய, இலேசான, விரைவில் காயும் துணியைத் தெரிவு செய்யுங்கள். நனைந்த பாரமான துணி காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்து நிற்பதே கடினம்.

வேறு கடற்கரையில் குளிக்கும்போது நீரோட்டம் உங்களை வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்துப் போராடிக் களைத்துவிடாதீர்கள். அந்த இழுவை குறுகலானது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதிலிருந்து வெளியேறலாம். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

முருகையின் மேல் காலை வைக்காதீர்கள். ஒரு மிதி பல வருட வளர்ச்சியை உடைத்துவிடும். கண்ணாடிப் படகில் போனால் நங்கூரத்தை முருகைமேல் போடாமல் மணலில் போடும்படி மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் படகுக்காரரிடம் வாப்பா கேட்டபோது அவர் கோபிக்கவில்லை; "நாங்களும் அதாலதானே சாப்பிடுறோம்" என்றார். சோற்றுப் பொதியின் பொலித்தீனை வீடுவரை கொண்டு போங்கள்.

துணிப்பை

பத்து வயதில் போனபோது கரையில் கிடந்த முருகைத் துண்டுகளை நான் பை நிறையப் பொறுக்கி வந்தேன். கிளை போன்றவை, மூளை போல் மடிப்பு மடிப்பானவை, தேன்கூடு போல் துளையுள்ளவை. இந்த ஏழு வருடமும் அவை எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், கோப்பைகளுக்கும் கிண்ணங்களுக்கும் நடுவில் இருந்தன. வருகிறவர்களிடமெல்லாம் "மகள் பாசிக்குடாவுல இருந்து கொண்டுவந்தது" என்று உம்மா காட்டுவார். முருகையை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் நமது நாட்டின் சட்டப்படி குற்றம் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. செத்த துண்டுகள்தானே என்று நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் செத்த துண்டும் சும்மா கிடப்பதில்லை. அதில் புதிய முருகைக் குஞ்சு ஒட்டிக்கொள்ளலாம், சிறு நண்டு ஒளிந்துகொள்ளலாம், இறுதியில் மணலாகிக் கரையை நிரப்பலாம். ஒருவர் எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விடுமுறை நாளில் அந்தக் கரையில் எத்தனை பத்து வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள்!

அஸர் தொழுதுவிட்டு, புறப்படுவதற்கு முன் அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு மீண்டும் தண்ணீரில் இறங்கினேன். உம்மாவும் கூட வந்தார், இம்முறை கூப்பிடாமலே. இடுப்பளவு ஆழத்தில் நின்று ஒவ்வொன்றாக நீருக்குள் விட்டோம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஒவ்வொன்றும் ஆடி ஆடி இறங்கி மணலில் அமர்வது வரை பார்க்க முடிந்தது. மூளை போன்ற துண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்த உம்மா, "இதத்தான் எல்லாருக்கும் காட்டினேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கையை விரித்தார்.

கண்ணாடி அலுமாரியில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் உம்மா இப்போது வேறு கதை சொல்கிறார். கடலுக்கு வெளியே ஒன்று இருக்கிறதாம், அது அலையை அங்கேயே அடித்து நிறுத்திவிடுமாம், அதனால்தான் அவர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாராம். கையால் கீறிக்கூடக் காட்டுகிறார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆகஸ்டிலும் போவோம். இம்முறை உம்மும்மாவையும் கூட்டிக்கொண்டு.